ஒரு அளவு கூட்டி

சிரிக்கக்கூடாது. என்ன நடந்தாலும் சிரிக்கக்கூடாது. முதலாவது பெட்டியைத் திறக்கும்போது மேலே சுற்றும் விசிறியைப் பார். இரண்டாவது பெட்டிக்குச் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார். சிரித்தாயோ, வாசிகசாலைக் கதவின் திறப்பு உன் கைக்கு வராது.

தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டு சுவர்ணா முன்வரிசைக் கதிரையில் இருந்தாள். மடியில் ஒரு கோப்பு. அதன் மட்டையில் ‘திருமதி சுவர்ணா சிவதர்ஷன், செயலாளர், மாதர் சங்கம்’ என்று எழுதியிருந்தது. எழுதியதும் அவள்தான். எழுத்து நேராக வரும்வரை மூன்று மட்டை மாற்றியிருந்தாள்.

மண்டபத்தில் ஊரே இருந்தது. காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரிகிற தூரத்தில், கடலுக்கும் தார்வீதிக்கும் நடுவில் கிடக்கிற சின்ன ஊர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது, இன்றைக்கு வெள்ளி. நாற்பத்திரண்டு பேருக்கும் பிரதேச சபை புத்தகப்பையும் கொப்பிகளும் வெள்ளைச் சப்பாத்தும் கொடுக்கிறது. பைக்கும் கொப்பிக்கும் அளவு இல்லை. சப்பாத்துக்கு உண்டு. அத்தனை பேரின் கால்களையும் அளந்து எழுதியவள் சுவர்ணா.

அளக்கச் சொன்னவர் சபை உறுப்பினர் தம்பிஐயா. ஊரில் எல்லோரும் அவரை மெம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். மெம்பராகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. இப்போதும் தன் ஓட்டோவைத் தானே ஓட்டுகிறார்.

“உந்த அளவு வேலையைப் பிழையில்லாமல் முடிச்சுத் தாரும் பிள்ளை,” என்று அவர் சொல்லியிருந்தார். “வாசிகசாலைக்குப் பின்னேரத்திலை ஒரு ஆள் போடப்போகினம். உம்மடை பேரைத்தான் நான் சபைத் தவிசாளரிட்டைக் குடுப்பன்.”

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தச் சிரிப்பு. அரிசி களையும்போது வந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த புருசனுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது வந்தது. “உனக்கு என்ன, பேய் கீய் பிடிச்சிட்டுதோ?” என்று சிவதர்ஷன் கேட்டான். பதில் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாசிகசாலை என்பது சனசமூக நிலையத்தின் ஒற்றை அறை. மூன்று அலுமாரி, இரண்டு வாங்கு. சம்பளமும் சொல்லும்படி இல்லை. ஆனால் அதற்கு ஒரு கதவு இருந்தது. போரில் இடம்பெயர்ந்து சுவர்ணா வளர்ந்த நலன்புரி முகாமில் கதவு கிடையாது, சாக்குப் படங்குதான். கலியாணம் முடித்து வந்த வீட்டின் திறப்பு மாமியின் இடுப்பில். முப்பத்தாறு வயதில் முதல்தடவையாக ஒரு கதவை அவள் போய்த் திறக்க, மற்றவர்கள் உள்ளே வரப்போகிறார்கள். இந்த ஆசை இவ்வளவு பெரியது என்பது அவளுக்கே புதினமாக இருந்தது. ஆசைப்பட்டு அழுகிறவர்களை அவள் கண்டிருக்கிறாள். அவளுக்கோ சிரிப்பாக வந்தது. பயமும் அதற்குள்ளேதான் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க அவளால் முடியவில்லை.

கார்த்திகை மழைக்கு நடுவில்தான் கால்களை அளந்தாள். இதே மண்டபத்தில் வெள்ளைத்தாளை விரித்து, பிள்ளையின் காலை அதன்மேல் வைத்து, சுற்றிவரப் பேனையால் கீறி, அடிமட்டம் பிடித்துப் பார்த்து எழுதினாள். பேனை உள்ளங்காலின் வளைவுக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் நெளிந்து சிரித்தது. ஒவ்வொரு தாயும் கடைசியில் குனிந்து அவளுடைய காதுக்குள் ஒன்றையே சொன்னாள்.

“ஒண்டு கூட்டி எழுதடி,” என்றாள் பக்கத்து வீட்டுக் குணலட்சுமி. அவளுடைய மகன் யதுசன் முதலாம் வகுப்புக்குப் போகிறவன். “உவன் நித்திரையிலை வளர்றான்.”

“ஒண்டு காணுமோ?”

“காணும். பெரிசெண்டால் துணி அடைஞ்சு விடலாம். சின்னனெண்டால் என்ன செய்யிறது, காலை வெட்டுறதோ?”

ஒரு தாய் மிச்சமில்லாமல் எல்லோரும் ஒவ்வொன்று கூட்டினார்கள். எட்டாம் வகுப்புக்குப் போகிற தன் மகள் நிவேதனாவுக்குச் சுவர்ணாவும் ஒன்று கூட்டினாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முன்பு ஒருமுறை தையில் வருவதாகச் சொன்ன சப்பாத்து ஆவணியில் வந்து, ஒருவருடைய காலும் நுழையாமல் போனது அவளுக்கு நினைவு வந்தது. அன்று பின்னேரம், எல்லோரும் போனபிறகு, பட்டியலை மடியில் வைத்து மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயருக்கும் இன்னொன்று கூட்டினாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. நல்ல காரியம் ஒன்றைக் களவாகச் செய்த சந்தோசத்தில் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.

இந்த முறை சப்பாத்து நேரத்துக்கு வந்துவிட்டது.

காலையில் பெட்டிகளை அடுக்கும்போது, சபையின் அபிவிருத்தி உத்தியோகத்தர் பிரசாந்தி ஒன்றைத் திறந்து பார்த்தாள். மேலே யதுசனின் பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த சப்பாத்துக்குள் யதுசனின் இரண்டு காலையும் ஒன்றாக வைக்கலாம்போல இருந்தது. இரண்டு அளவு கூட்டினால் இவ்வளவு பெரிதாக வராதே என்று சுவர்ணா நினைத்தாள். பிரசாந்தியின் முகமும் ஒரு மாதிரியாகப் போனது. இளம்பிள்ளை, வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான்.

“மூடுவமே அக்கா,” என்றாள்.

“ஓம் மிஸ், மூடுவம்.”

இப்போது மேடையில் தம்பிஐயா பேசிக்கொண்டிருந்தார். விளக்கேற்றி, தேவாரம் பாடி, அவருக்குப் பொன்னாடையும் போர்த்தாயிற்று.

“முந்தி என்ன நடந்தது? தையிலை கேட்டால் ஆவணியிலை வரும். இந்த முறை பள்ளிக்கூடம் துவங்க மூண்டு நாள் முன்னமே உங்கடை பிள்ளையளின்ரை காலிலை சப்பாத்து. நேரத்துக்கு வந்திருக்கு. நேரத்துக்கு.”

சனம் கை தட்டியது. சுவர்ணா விசிறியைப் பார்த்தாள்.

முதலில் யதுசனைக் கூப்பிட்டார்கள். மெம்பர் அவனைக் கதிரையில் இருத்தி, படம் எடுக்க வசதியாக முழங்காலில் நின்று, தன் கையாலேயே சப்பாத்தைப் போட்டுவிட்டார். விரல்நுனி எங்கே இருக்கிறது என்று முன்பக்கத்தை அமத்திப் பார்த்தார். அமுங்கியது. இன்னும் கொஞ்சம் பின்னால் அமத்தினார். அங்கேயும் அமுங்கியது. கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவையும் அமத்தினார். பிறகு நாடாவை இழுத்துக் கட்டி, பிள்ளையின் தோளில் தட்டி அனுப்பினார்.

யதுசன் நடந்தான். சப்பாத்து நடக்கவில்லை. இரண்டு எட்டு வைத்தவன் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகப் போய் அதற்குள் மறுபடி ஏறி நின்றான்.

“மெம்பர்,” என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. “எஞ்சினையும் சேர்த்துத் தந்தால் பெடியன் நெடுந்தீவுக்கு ஒரு ஓட்டம் போட்டு வருவான்.”

“நங்கூரம் ஆர் தாறது?”

“நாடாவைக் காணேல்லையோ, அதுதான் நங்கூரக் கயிறு.”

இரண்டாவது பிள்ளைக்கும் அதே கதி. மூன்றாவது பிள்ளை, விசயம் விளங்கியதால், சப்பாத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்கியது. பதினோராம் வகுப்பு வித்தியாவின் பெட்டியைத் திறந்தபோது மெம்பர் எடுத்த சப்பாத்தைத் தன் காலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஏன் அப்படிப் பிடித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அது அவருக்கு அளவாக இருந்தது.

சுவர்ணா கலண்டரைப் பார்த்தாள். கலண்டரில் பிள்ளையார். பிள்ளையாருக்குச் சப்பாத்து வாங்குவதென்றால் என்ன அளவு என்று ஒரு யோசனை, ஆரும் கேட்காமல், அவளுக்குள் ஓடியது. அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வெளியே பாய்ந்தது. கோப்பு கீழே விழுந்தது. மண்டபம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு குணலட்சுமி சிரித்தாள். அவளைத் தொடர்ந்து வரிசை வரிசையாக எல்லோரும் சிரித்தார்கள்.

மெம்பர் ஒலிவாங்கிக்குப் போனார். “ஆர் உந்த அளவை எடுத்தது?”

அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியோடு சிரிப்பு நின்றது. தாய்மார் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து, தாங்கள் வந்த செருப்பை முதன்முதலாகக் காண்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்கள். குற்றவாளிகள் நிறைந்த மண்டபம். சுவர்ணாவுக்கு அந்தக் குனிந்த தலைகள் எல்லாவற்றின் மீதும் திடீரென்று ஒரு பாசம் வந்தது. இவர்கள் சொல்லித்தான் எழுதினேன் என்று ஒரு வசனம் நாக்கில் நின்றது. அதைச் சொன்னால் பாதி உண்மை. பாதி உண்மையைச் சொல்லி வேலை எடுக்கலாமா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நிவேதனா பின்னால் வந்து அவளுடைய தோளை இடித்தாள்.

“அம்மா, சிரிச்சு மானத்தை வாங்கினது காணும். இதைப் பாருங்கோ. என்ரை சப்பாத்து வித்தியா அக்காவுக்கு அந்தமாதிரி இருக்கு.”

வித்தியாவின் கால் நிவேதனாவின் சப்பாத்துக்குள் அளவாக இருந்தது. எட்டாம் வகுப்பின் சப்பாத்து பதினோராம் வகுப்புக்கு. அப்படியென்றால் ஏழினது பத்துக்கு, ஆறினது ஒன்பதுக்கு. சுவர்ணா எழுந்தாள். எழுந்தபிறகுதான் தான் எழுந்ததே அவளுக்குத் தெரிந்தது.

“எல்லாப் பிள்ளையளும் பெட்டியோடை வெளியிலை முத்தத்துக்கு வாங்கோ,” என்றாள். “வகுப்பைப் பாராதையுங்கோ. சின்னக் கால் இந்தப் பக்கம், பெரிய கால் அந்தப் பக்கம். ஒரே நிரை.”

மழை விட்ட முற்றம். ஈரமணலில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் வெறுங்காலோடு, ஆளுக்கொரு பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். நிற்பதற்கே சண்டை.

“என்ரை மகன் உவனிலும் பார்க்க உயரம்.”

“உயரத்தை ஆரும் கேக்கேல்லை அக்கா, காலைத்தான் கேட்டது.”

“காலும் பெரிசுதான். தேப்பன்ரை கால்.”

“அப்ப தேப்பனையும் நிரையிலை விடுங்கோ.”

சுவர்ணா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினாள். கையைத் தட்டியதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெட்டியைப் பெரிய கால் பக்கமாகப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும். போட்டுப் பார்க்கவேண்டும். பொருந்தினால் வரிசையை விட்டு வெளியே வரலாம்; பொருந்தாவிட்டால் மறுபடி கைதட்டு, மறுபடி அடுத்தவருக்கு. முதல் கைதட்டுக்கு இரண்டு பேர் பொருந்தினார்கள். ஐந்தாவது கைதட்டுக்கு எட்டுப் பேர். பத்தாவதுக்குப் பிறகு பெட்டிகள் கையிலிருந்து கைக்கு ஓடிய வேகத்தில் தாய்மாரும் உள்ளே புகுந்துவிட்டார்கள். பிரசாந்தி உத்தியோகத்தர் என்பதை மறந்து குந்தியிருந்து நாடா கட்டினாள். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட பிள்ளைகள் மணலில் படாமல் மண்டபப் படியில் ஏறி நின்று, இன்னும் பொருந்தாதவர்களைப் பார்த்துப் பகிடி பண்ணினார்கள். மெம்பர் பொன்னாடையோடு படியில் நின்றார். முதலில் கோபமாக, பிறகு புதினமாக, கடைசியில் “உந்தப் பெடிச்சிக்கு அங்காலை குடு, அங்காலை” என்று கத்திக்கொண்டு.

சுவர்ணாவுக்குத் தலை சுற்றியது. ஓடியதால் மட்டும் அல்ல. நாற்பத்திரண்டு பேர் அவளுடைய கைதட்டலுக்குக் காத்து நின்று, தட்டியதும் அசைந்தார்கள். தன்னுடைய இரண்டு உள்ளங்கைகளுக்குள் இப்படி ஒரு சத்தம் இருந்தது என்று முப்பத்தாறு வருடம் அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முப்பத்தொரு பிள்ளைகளுக்குப் பொருந்தியது. அதோடு நின்றது.

பெரிய கால் பக்கம், ஒருவருக்கும் ஆகாத பதினொரு சோடி மிஞ்சிப்போனது. சின்னக் கால் பக்கம், முதலாம் இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் வெறுங்கையோடு நின்றார்கள். யதுசன் தன் பெட்டியைக் கொடுத்துவிட்டு, தனக்கு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஆள் இல்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எனக்கு?” என்றான்.

சுவர்ணா மெம்பரைப் பார்த்தாள். மெம்பர் பிரசாந்தியைப் பார்த்தார்.

“விநியோகிச்ச பொருளை மாத்திறதெண்டால் கடிதம் வேணும் ஐயா,” என்றாள் பிரசாந்தி.

“கடிதத்தைத் திங்கட்கிழமை காலிலை போடேலுமோ?” என்றார் மெம்பர். அவர் ஏற்கெனவே கைபேசியை எடுத்துவிட்டார். “மருதனார்மடச் சந்தியிலை எனக்குத் தெரிஞ்ச சப்பாத்துக் கடை ஒண்டு இருக்கு. அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவான். சுவர்ணா, உந்தப் பதினொரு காலையும் இன்னொருக்கால் அளவும். கெதியா. இந்த முறை உள்ளதை உள்ளபடி.”

பதினொரு கால்களை அளந்தாள். பதினொரு தாய்மாரும் சுற்றிவர நின்றார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் குணலட்சுமி மட்டும் குனிந்தாள்.

“ஒண்டே ஒண்டு,” என்றாள், உதடு அசையாமல்.

ஓட்டோவில் சுவர்ணாவும் பிரசாந்தியும் பின்னால். மடியில் மூன்று, காலடியில் நான்கு, இருவருக்கும் நடுவில் நான்கு பெட்டிகள். வீதி முழுக்க மழைப்பள்ளம். பள்ளத்துக்குப் பள்ளம் பெட்டிகள் துள்ளின. தெல்லிப்பழை தாண்டும்வரை பிரசாந்தி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா,” என்றாள் பிறகு, மெல்ல. “உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக்கூடாது.”

“சொல்லுங்கோ மிஸ்.”

“பட்டியலைக் கணினியிலை அடிக்கேக்கை நான் எல்லாருக்கும் ஒண்டு கூட்டினனான். சாமான் எப்பவும் பிந்தித்தானே வாறது. பிள்ளையள் பாவமெண்டு...”

சுவர்ணா அவளைப் பார்த்தாள். பிரசாந்தி முகம் சிவந்து, அழப்போகிறவள்போல இருந்தாள்.

“நானும் ஒண்டு கூட்டினனான்,” என்றாள் சுவர்ணா.

“தாய்மார் சொல்லியோ?”

“தாய்மார் சொன்னது வேறை ஒண்டு. அதுக்கு மேலை இது என்ரை.”

பிரசாந்தி விரலை மடித்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது விரலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெடித்தார்கள். பெட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்தார்கள். சிரிப்பு நிற்கப்போகும் நேரத்தில் ஓட்டோ இன்னொரு பள்ளத்தில் விழுந்து, பெட்டி ஒன்றின் மூடி திறந்து, அந்த மிகப்பெரிய சப்பாத்து எட்டிப் பார்த்தது. மறுபடி தொடங்கியது.

“என்ன பகிடி அங்கை?” என்றார் மெம்பர், கண்ணாடியில் பார்த்தபடி.

சொல்லலாமா என்று சுவர்ணா யோசிக்கவில்லை. சிரிப்பு அவளை அந்த இடத்துக்கு அப்பால் கொண்டுபோய்விட்டிருந்தது. தாய்மார் கூட்டியதை, தான் கூட்டியதை, எல்லாவற்றையும் சொன்னாள். பிரசாந்தி தன்னுடையதைத் தானே சொன்னாள். முன்னால் இருந்த மெம்பருடைய கழுத்துப் பின்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பதைச் சுவர்ணா கண்டாள். அந்தக் கழுத்தில் இன்னும் பொன்னாடை இருந்தது. நேரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்ததுதான் அந்த மனிசன் செய்த ஒரே பிழை என்று நினைத்தபோது அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது.

மருதனார்மடச் சந்தியில், ஆஞ்சநேயர் கோயில் மணி கேட்கிற நேரத்தில், கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்திவிட்டுக் காத்து நின்றார். பதினொரு பெட்டியையும் வாங்கிப் பார்த்து, ஒரு சப்பாத்தைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

“இது பள்ளிக்கூடத்துக்கோ, பொலிசுக்கோ?”

“மாத்தித் தாருமப்பா,” என்றார் மெம்பர்.

“அளவுகளைச் சொல்லுங்கோ.”

சுவர்ணா தாள்களை எடுத்தாள். மேலே இருந்தது யதுசனின் கால். ஐந்து விரலும் ஐந்து பட்டாணி போல; சிரித்து நெளிந்ததால் உள்ளங்கால் பக்கம் கோடு அலைபாய்ந்திருந்தது. ஓரத்தில் அளவு எழுதியிருந்தது. அவளுடைய தோளுக்குப் பின்னால் மெம்பர் நின்று அந்த எண்ணை வாசித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். வந்தது அதற்கு அடுத்த எண்.

கடைக்காரர் எழுதிக்கொண்டார். இரண்டாவது தாள். மறுபடியும் அடுத்த எண். பதினொன்றும் அப்படியே.

“உள்ள அளவிலை வாங்கிற தாயை இருவது வரியத்திலை நான் காணேல்லை,” என்றார் கடைக்காரர், ஏணியில் ஏறிக்கொண்டே. “எல்லாருக்கும் ஒவ்வொண்டு கூட்டிச் சொல்லுறியள் போலை.”

“ஓம்,” என்றாள் சுவர்ணா. “ஒண்டுதான்.”

மெம்பர் வெளியே போய் ஓட்டோவில் ஏறி இருந்தார்.

ஊருக்குத் திரும்பியபோது பொழுது சாயவில்லை. பதினொரு பிள்ளைகளும் மண்டபப் படியிலேயே காத்திருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகச் சம்மதிக்கவில்லையாம். குணலட்சுமி பழைய சட்டைத் துணியைக் கிழித்து வைத்திருந்தாள். விரல்நுனியில் ஒரு சின்ன உருண்டை அடைந்து, யதுசனுக்குப் போட்டுக் கட்டியதும், அவன் ஒரு எட்டு வைத்தான். திரும்பிப் பார்த்தான். சப்பாத்து காலோடு வந்திருந்தது. அதன்பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. முற்றத்தைச் சுற்றி ஓடினான், ஒருமுறை விழுந்தான், எழும்பி முதலில் சப்பாத்தைத்தான் பார்த்தான். மற்றப் பத்துப் பேரும் பின்னால் ஓடினார்கள். தாய்மார் சப்பாத்து ஊத்தையாகப் போகுது என்று கத்திக்கொண்டே சிரித்தார்கள்.

“சுவர்ணா, இஞ்சை ஒருக்கால் வாரும்,” என்று மெம்பர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

மேசையில் ஒரு கடிதம் இருந்தது. தவிசாளருக்கு எழுதியது, வாசிகசாலைப் பொறுப்பாளராக அவளைப் பரிந்துரைப்பதாக. அவளுடைய பெயர் தட்டச்சில், முழுதாக, பிழையில்லாமல். கீழே தம்பிஐயாவின் ஒப்பம். அதை அவர் காலையிலேயே வைத்திருக்கவேண்டும்.

“எனக்கு உம்மிலை கோவம் இல்லை பிள்ளை,” என்றார். முகத்தில் உண்மையாகவே கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “இண்டைக்கு அந்த நிரையை ஓட்டின மாதிரி ஒருத்தராலையும் ஓட்டேலாது. அதை நானே போய்த் தவிசாளருக்குச் சொல்லுவன். ஆனால் சபைக்கு நான் பதில் சொல்லவேணும். அடுத்த வரியம் நாலு ஊருக்குக் குடுக்கப்போகினம், அளக்கப்போறது நீர்தான். அதாலை இதிலை ஒரு வரி எழுதி உம்மடை ஒப்பத்தை வையும். தாய்மார் சொல்லுறதைக் கேக்கமாட்டன், அடிமட்டம் சொல்லுறதை மட்டும் எழுதுவன் எண்டு. அவ்வளவுதான்.”

பேனையை நீட்டினார். அவள் வாங்கினாள்.

ஒரு வரி. நியாயமான வரி. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையே கேட்டிருப்பாள். எழுதிவிட்டு அடுத்த வருடம் வழமைபோலக் கூட்டலாம், யாருக்குத் தெரியும் என்றும் ஒரு நினைவு வந்தது. அந்தக் களவும் அவளுக்குக் கைவந்ததுதான். ஆனால் எழுதப் பேனையைத் தாளில் வைத்தபோது, காதுக்குப் பக்கத்தில் குனிந்து குனிந்து வந்த முகங்கள்தான் கண்முன் வந்தன. வெற்றிலை வாசனையோடு, மீன் வாசனையோடு, சவர்க்கார வாசனையோடு. அவர்கள் அவளிடம் பெரிய சப்பாத்துக் கேட்கவில்லை. அடுத்த வருடமும் என் பிள்ளை இங்கே இருக்கும், இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் பிள்ளையாக இருந்த காலத்தில், முகாமில், அப்படி ஒருவரும் துணிந்து சொன்னதில்லை. இருந்த அளவைத்தான் எழுதினார்கள்.

வயிற்றுக்குள் சிரிப்பு இன்னும் இருந்தது. அது போகவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“இந்த வரியை நான் எழுதேலாது ஐயா,” என்றாள்.

“ஏன்?”

“தாய்மார் சொல்லேக்கை எனக்குக் கேக்கும். கேட்டால் எழுதுவன்.”

மெம்பர் அவளையே பார்த்தார். வெளியே பிள்ளைகள் ஓடுகிற சத்தம்.

“எழுதாட்டில் இந்தக் கடிதம் போகாது. விளங்குதோ?”

“விளங்குது,” என்றாள் சுவர்ணா. பேனையை மூடி, கடிதத்தின்மேல் வைத்து, இரண்டையும் மெல்ல அவருடைய பக்கமாகத் தள்ளினாள்.